கம்படி மாடு

என் தம்பியை நான் ஐந்து மாதம் இடுப்பிலும் முதுகிலுமாகச் சுமந்திருக்கிறேன். இதைச் சொன்னால் அவனுடைய பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. இன்றைக்கு அவன் உட்கார்ந்தால் கட்டில் முனகுகிறது. அன்றைக்கு அவனுக்கு ஆறு வயது, எனக்கு ஒன்பது. அப்போதும் அவன் ஒன்றும் பஞ்சு மூட்டையாக இருக்கவில்லை என்பதை என் இடுப்பைக் கேட்டால் சொல்லும்.

கொல்லிமலையில் அரியூர் நாட்டில் எங்கள் ஊர். அந்தக் காலத்தில் மலைக்கு ரோடு கிடையாது. உப்பு வேண்டுமென்றாலும் மண்ணெண்ணெய் வேண்டுமென்றாலும் சேந்தமங்கலத்துக்கு இறங்கிப் போய்த் தலைச்சுமையாகத்தான் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். கீழே வெள்ளைக்காரன் யாரோடோ சண்டை போடுகிறானாம், அதனால் மண்ணெண்ணெய் வருவதில்லையாம் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சண்டையைப் பற்றிக் கவலை இல்லை. எனக்கு என் சண்டையே பெரிதாக இருந்தது, அதுவும் யாரிடமும் சொல்ல முடியாத சண்டை.

ஆனி மாதக் கடைசி. எங்கள் மேட்டுக்காட்டு ஓரத்துப் பலாமரத்தில் உயரத்தில் ஒரே ஒரு பழம் மிச்சமிருந்தது. அதன் வாசனை வீடுவரைக்கும் வந்து கூப்பிட்டது. மரம் ஏறுவதில் தம்பியைவிட நான் கெட்டிக்காரிதான். அன்றைக்கு எனக்குச் சோம்பல். ராத்திரி கரடி வந்து தின்றுவிடும், நீ ஏறித் தட்டிப் பார்த்துச் சொல்லுடா என்றேன். மாட்டேன் என்றான். பயந்தாங்கொள்ளி என்றேன். அந்த ஒரு சொல் போதும், ஏறிவிட்டான். விரலை மடக்கிப் பழத்தைத் தட்டினான். “பழுத்துருச்சு அக்கா” என்ற குரல் மேலிருந்து வந்தது. பின்னாலேயே அவனும் வந்தான்.

வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. வைத்தியர் வந்து முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எப்படி விழுந்தான் என்று கேட்டவர்களிடமெல்லாம், அவனே ஏறினான், நான் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை. பொய் சொல்லுவதில் எனக்கு இவ்வளவு திறமை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தம்பியின் வாயைக் கட்டுவதற்கு வேறு வழி செய்தேன். அப்பா தேன் எடுத்து வரும்போதெல்லாம் என் பங்கை அவனுக்கே கொடுத்துவிடுவேன். அவன் ஒன்றும் பேசாமல் நக்கித் தின்பான். கெட்டிக்காரத் தம்பி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆவணி பிறந்ததும் வைத்தியர் கட்டை அவிழ்த்து, எலும்பு கூடிவிட்டது, இனிமேல் நடக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். காலிடம் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தப் பாதம் தரையில் பட்டாலே தம்பி ஊரைக் கூட்டினான். அப்பா கவைக்கம்பு வெட்டிக் கொடுத்தார், வைத்தியர் மறுபடி வந்து எண்ணெய் போட்டு நீவினார், அம்மா குலசாமிக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள். எதற்கும் மசியவில்லை. வலி இல்லை, பயம்தான் என்று வைத்தியர் சொன்னார். பயத்துக்கு அவரிடம் எண்ணெய் இல்லை.

அம்மா அவனைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். அவளுக்குக் காட்டு வேலை கிடக்கிறது, அதனால்தான் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஓடைக்கும் காட்டுக்கும் விளையாடுகிற இடத்துக்கும் அவன் போன வழியெல்லாம் என் கால்கள்தான் போயின. எதிரில் வருகிறவர்கள் நின்று, இப்படி ஒரு அக்கா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். பாருங்கள், எவ்வளவு அடக்கம் என்று அதற்கும் சேர்த்துப் பாராட்டுவார்கள்.

மார்கழி வந்தது. கேழ்வரகு அறுப்பு முடிந்து கதிர் அடிக்கிற வேலை வரும் நேரம். அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, கதிர் வேலை முடிந்ததும் பையனைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கி, சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறேன் என்றார். அங்கே நடக்காத காலை வெட்டி எடுத்துவிடுவார்களாம் என்று பக்கத்து வீட்டுப் பையன் எனக்குத் தனியாகச் சொன்னான். அவன் சேலத்தைப் பார்த்ததில்லை, சேந்தமங்கலத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் நான் முழுசாக நம்பினேன். என் ஒரு சோம்பலுக்குத் தம்பியின் கால் போகப்போகிறது என்று பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமன் வந்து சேர்ந்தான். அம்மாவின் தம்பி. செம்மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர். இருபது வயசு, எங்கே பிள்ளைகள் கூட்டமோ அங்கே இருப்பான். வேலைக்கு ஆகாதவன் என்று அப்பா அவனைப் பற்றி எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார். கதிர் அடிக்க ஆள் வேண்டும் என்றுதான் சொல்லியனுப்பியிருந்தார்கள். வந்தவன் அரிவாளைச் செருகி வைத்துவிட்டு நேராகத் தம்பியின் முன்னால் போய் உட்கார்ந்தான். காலைத் தொடவில்லை, எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை. “நொண்டி ஆடலாமா சாமி” என்று கேட்டான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நடக்க முடியாத பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மாமன் வாசலில் பெரிய கட்டம் கீறிவிட்டான். ஊர்ப் பிள்ளைகள் எட்டுப் பேர் உள்ளே போய் நின்றார்கள். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே அத்தனை பேரையும் தொட வேண்டும், மற்றக் கால் தரையில் பட்டால் ஆட்டம் போச்சு. தம்பியைக் கட்டத்தில் இறக்கிவிட்டான்.

ஐந்து மாதமாக இடது காலை மட்டுமே ஊன்றிப் பழகினவன் அல்லவா. அந்தக் கால் உலக்கை மாதிரி ஆகியிருந்தது. மற்றப் பிள்ளைகள் ஒற்றைக் காலில் பத்து எட்டு வைத்ததும் தள்ளாடுவார்கள். இவன் கட்டம் முழுக்கக் குதித்துக் குதித்து எட்டுப் பேரையும் தொட்டுவிட்டான். ஆனிக்கு அப்புறம் அவன் சிரித்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு மூச்சு வாங்க வாங்கச் சிரித்தான்.

ஆனால் மாமன் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. ராஜா ஆனவன் சிம்மாசனத்தை விடுவானா. வீட்டுக்குள் நொண்டினான், ஓடைக்கு நொண்டினான், கோழியை நொண்டிக்கொண்டே துரத்தினான். காலை ஊன்றுடா என்றால், “எனக்கு ஒரு காலே போதும் மாமா” என்று பெருமையாகச் சொன்னான். அப்பா மாமனை ஒரு பார்வை பார்த்தார். மாமன் தலையைச் சொறிந்தான். அம்மா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். நான் வேலை இல்லாமல் அவன் பின்னால் நடந்தேன். அவன் கேட்காதபோதும் பிடித்துத் தூக்கிக்கொண்டேன். திமிறினால் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

எங்கள் பக்கத்தில் களம் என்றால் பாறைதான். காட்டின் நடுவே யானை படுத்த மாதிரி ஒரு பாறை கிடக்கும். அதைக் கழுவிச் சாணி மெழுகினால் களம். நடுவில் உரல்குழி மாதிரி ஒரு குழி உண்டு, அதில் கம்பு நடுவார்கள். கம்பிலிருந்து ஒரு கயிறு, கயிற்றில் வரிசையாக மாடுகள். கதிரைப் பரப்பிவிட்டு மாடுகளைச் சுற்றி ஓட்டினால் தானியம் உதிரும். இந்த வரிசையில் கம்பை ஒட்டி நிற்கிற மாட்டுக்குக் கம்படி மாடு என்று பெயர். அது நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டிருந்தால் போதும், அதனால் கிழட்டு மாட்டைத்தான் அங்கே கட்டுவார்கள். கடைசியில் நிற்கிற மாடு பெரிய வட்டம் ஓட வேண்டும். அதற்கு இளங்காளை.

அந்த வருஷம் ஊர் மாடுகளுக்கெல்லாம் கோமாரி வந்து, குளம்பு வெடித்து நின்றன. கதிர் அம்பாரம் அம்பாரமாகக் காய்ந்து கிடக்கிறது, மிதிக்க மாடில்லை. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

“மாடு இல்லாட்டி என்னங்க மச்சான், நான் ஒம்பது மாடு புடிச்சுட்டு வாரேன்” என்றான் மாமன்.

பிடித்து வந்தது எங்களைத்தான். ஒன்பது பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, கயிற்றை எல்லார் இடுப்பிலும் ஒரு சுற்றுச் சுற்றினான். ஒவ்வொருவருக்கும் மாட்டுப் பெயர் வைத்தான். ஒருத்தன் செவலை, ஒருத்தி மயிலை, ஒருத்தன் காரி. எனக்குக் குத்துமாடு என்று வைத்தான், ஏன் என்று கேட்கப் போனவளை எல்லாரும் சிரித்து அடக்கிவிட்டார்கள். தம்பியைத் தூக்கிப் போய் நடுக்கம்பை இரண்டு கையாலும் பிடிக்க வைத்து, இவன்தான் கம்படி மாடு என்றான். சரி, அடுத்தது நான்தானே என்று அவன் பக்கத்தில் போய் நின்றேன். மாமன் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நிறுத்தினான்.

“அவன் உழுந்துருவான் மாமா” என்று நான் கத்தினேன்.

“உழுந்தா ராகிக் கதிரு மேலதான உழுவான். நீ உன்ற எடத்துல நில்லு கண்ணு.”

ஆட்டத்துக்கு ஒரு விதி சொன்னான். மாடு நொண்டக் கூடாது. நொண்டினால் அது சீக்கு மாடு, களத்தைவிட்டு இறக்கி ஒரு கொட்டாங்கச்சி விளக்கெண்ணெய் ஊற்றிவிடுவோம். சொல்லிவிட்டு மெய்யாகவே ஒரு கொட்டாங்கச்சியில் எண்ணெயைக் கொண்டுவந்து பாறை ஓரத்தில் வைத்தான். பிள்ளைகளெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. அவன் எண்ணெயைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், மறுபடி எண்ணெயைப் பார்த்தான்.

கதிர் முழங்கால் உயரத்துக்குப் பரந்து கிடந்தது. மாமன் தழைக்கொத்தை ஆட்டிப் பொலி பொலி என்று குரல் கொடுத்ததும் வரிசை நகர்ந்தது. வெளியே நாங்கள் ஓடினோம். உள்ளே தம்பி கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இடது காலை நகர்த்தினான். வரிசை திரும்பத் திரும்ப அவனும் திரும்பியாக வேண்டும். வலது காலைக் கதிருக்குள் விட்டான். தரை வரும் என்று பயந்து முகத்தைச் சுளித்தான். தரை வரவில்லை, மெத்துமெத்தென்று கதிர்தான் வந்தது. இன்னொரு தடவை விட்டான். நான் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவனையே பார்த்ததில் இரண்டு தடவை குப்புற விழுந்தேன். குத்துமாட்டுக்குக் கண் தெரியவில்லை, விளக்கெண்ணெய் கொண்டு வாங்க என்று காரி கத்தினான்.

மறுநாள் மாமன், கம்படி மாட்டுக்குச் சலித்துப் போய்விட்டது, ஓர் இடம் தள்ளிக் கட்டுவோம் என்றான். அங்கே பிடிக்கக் கம்பு இல்லை. மயிலையின் தோளைப் பிடித்துக்கொண்டு தம்பி சின்ன வட்டம் சுற்றினான். மத்தியானத்துக்குள் இன்னும் ஓர் இடம் தள்ளிவிட்டான். அதற்கு அடுத்த நாள் தம்பி நடுவரிசைக்கு வந்துவிட்டான். ஒவ்வோர் இடம் தள்ளும்போதும் வட்டம் பெரிதாகும், எட்டும் பெரிதாகும். கதிர் மிதிபட மிதிபடத் தாழ்ந்துகொண்டே வந்ததையும், காலுக்கும் பாறைக்கும் நடுவில் மெத்தை மெலிந்துகொண்டே வந்ததையும் அவன் கவனிக்கவில்லை. அவனுடைய கவனமெல்லாம் தனக்கு முன்னால் போகிற செவலையை முட்டுவதில் இருந்தது. களத்தைவிட்டு இறங்கினதும் பழையபடி ஒரு காலைத் தூக்கிக்கொள்வான். நானும் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வேன். மாமன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பல்லைக் குத்திக்கொண்டிருப்பான்.

நாலாம் நாள் கடைசி அம்பாரம். அப்பா தொட்டில் கட்டுவதற்கு நல்ல முற்றின மூங்கிலாக ஒன்று வெட்டிக்கொண்டு வந்து பாறை ஓரத்தில் போட்டார். தம்பி இப்போது என் பக்கத்து இடத்துக்கு வந்திருந்தான். இன்றைக்கு எப்படியும் அவன் கையைப் பிடித்துக்கொண்டே ஓடிவிடுவது என்று தீர்மானம் செய்தேன். ஒரு சுற்றுதான் ஓடியிருப்போம். மாமன் வரிசையை நிறுத்தினான்.

“குத்துமாடு, நீ கம்படிக்குப் போ. தம்பி கடைசியில நிக்கட்டும்.”

நான் அழுதேன், கயிற்றைக் கடித்தேன், போக மாட்டேன் என்று பாறையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு போய் நடுக்கம்பில் ஒட்ட வைத்தான். பொலி பொலி என்று குரல் எழும்பியது. நான் நின்ற இடத்தில் சுற்றினேன். அந்தக் கடைசியில் தம்பி ஓடினான். நடக்கவில்லை, ஓடினான். இரண்டு காலும் மாறி மாறி விழுகிறது, தலைமுடி பறக்கிறது, வாயெல்லாம் பல். எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஒரு திருப்பத்தில் கயிறு இழுபட்டு அவன் சடாரென்று விழுந்தான். நான் பாய்ந்தேன். கயிறு என்னைக் கம்போடு பிடித்துக்கொண்டது. வரிசை நின்றது. அம்மாவின் கையில் முறம் அப்படியே நின்றது. அப்பா எழுந்து இரண்டு எட்டு வைத்துவிட்டார், மாமன் கையை நீட்டி அவரைத் தடுத்தான்.

தம்பி கையை ஊன்றினான். எழுந்தான். வாயிலிருந்து உமியைத் துப்பினான். இரண்டு காலையும் பாறையில் ஊன்றி நின்றுகொண்டு, “என்ன எல்லாரும் நின்னுட்டீங்க” என்று எங்களை அதட்டினான்.

அப்பா அப்படியே பாறையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ உடைந்தது. எல்லார் முன்னாலும் கம்பைக் கட்டிக்கொண்டு கதறினேன். நான்தான் அவனை மரத்தில் ஏறச் சொன்னேன், பயந்தாங்கொள்ளி என்று சொல்லி ஏற்றினேன், சுள்ளி பொறுக்கவே இல்லை என்று ஆனியிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். என்னை அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அம்மா முறத்தை மறுபடி தட்ட ஆரம்பித்தாள். “தெரியுஞ் சாமி. அன்னிக்குப் பொழுதோடவே தம்பி சொல்லிப் போட்டான்.”

அழுகை நடுவழியில் நின்றுவிட்டது. அப்பாவைப் பார்த்தேன், தலையாட்டினார். மாமனைப் பார்த்தேன், அவன் வானத்தைப் பார்த்தான். பக்கத்து வீட்டுப் பையனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. தம்பியைப் பார்த்தேன். அவன் மெதுவாகக் கயிற்றிலிருந்து இடுப்பை உருவிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்குத் தேன் ஞாபகம் வந்தது. ஆனியிலிருந்து மார்கழி வரை, எத்தனை தேனடை, எத்தனை விரல் நக்கல். முதல் நாளே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் என் பங்கைத் தின்றிருக்கிறான். டேய் என்று ஒரு சத்தம் போட்டு, கயிற்றைப் பிய்த்தெறிந்துவிட்டுப் பாய்ந்தேன். அவன் களத்தைவிட்டுக் குதித்தான். கட்டாந்தரையில், கல்லிலும் முள்ளிலும், காட்டு வரப்பு மேலே, அவன் அவ்வளவு வேகமாக ஓடுவான் என்று யாரும் நினைத்ததில்லை. எனக்கு அவனை எட்டிப் பிடிக்க முடியவில்லை. பின்னால் களம் முழுக்கச் சிரிக்கிற சத்தம் கேட்டது, அப்பா சிரிக்கிற சத்தம்கூட. திட்டிக்கொண்டே ஓடின எனக்கும் எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. ஓடை ஓரத்தில் இரண்டு பேரும் விழுந்து கிடந்து சிரித்தோம். அப்புறம் ஞாபகம் வந்து நாலு போடு போட்டேன்.

அன்றைக்குப் பொழுது இறங்கும்போது அம்மா புதுக் கேழ்வரகில் களி கிண்டினாள். கோபம் ஆறாமல் நான் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தெரிந்துகொண்டே எதற்கு என்னை ஐந்து மாதம் சுமக்க விட்டாய் என்று கேட்டேன். என் இடுப்பைத் தொட்டுப் பார், காய்ப்பு ஏறிக் கிடக்கிறது என்றும் சொன்னேன்.

அம்மா துடுப்பை நிறுத்தினாள். “அவன் கட்டோட கெடந்த வரைக்கும் நீ அரை உருண்டைக்கு மேல திங்கல கண்ணு. குச்சியாட்டம் போயிட்ட. கட்டு அவுத்த அன்னிக்கு அவனைத் தூக்கி உன்ற இடுப்புல வெச்சேன். அன்னிக்குத்தான் ஒரு முழு உருண்டை தின்னே.”

சொல்லிவிட்டு என் தலைமேல் கைவைத்தாள். கண் கலங்கியிருந்தது, புகை என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய பையனைச் சுமந்தால் பசிக்கத்தானே செய்யும், இதில் சொல்லுவதற்கு என்ன இருக்கிறது என்றும் நினைத்தேன். நாளையிலிருந்து சுமை இல்லையே, பசி வராமல் போனால் என்ன செய்வது என்று கவலை வந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று, முதல் உருண்டையை முடிக்கும் முன்னே இன்னொன்று போடச் சொல்லி வட்டிலை நீட்டினேன்.